மலைநாட்டில் ஆள் தேட எது உதவும்: ஹெலிகொப்டரா, ட்ரோனா, மோப்பநாயும் ஆட்களுமா?

தோட்டத்தில் ஒருவர் காணாமல் போய் ஓர் இரவு கழிந்துவிட்டால், வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக்களத்தில் கூடும் கூட்டத்தில் யாராவது கட்டாயம் கேட்பார்: "ஹெலியைக் கூப்பிட்டால் என்ன?" இன்னொருவர், டவுனில் கலியாண வீடியோ எடுக்கும் தம்பியிடம் ட்ரோன் இருக்கிறதே என்பார். மூன்றாமவர் பொலிஸ் நாயைக் கேட்பார். மூன்றும் நியாயமான யோசனைகள்தாம். ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு நேரமும் ஒரு நிலமும் உண்டு. மாற்றிக் கேட்டால் பாதி நாள் போய்விடும். நுவரெலியா, பதுளை, கண்டி மலைகளில் அரை நாள் என்பது சாதாரண விஷயம் அல்ல. நனைந்த உடுப்போடு பத்துப் பாகை குளிரில் ஓர் இரவு கிடந்தால் திடகாத்திரமான ஆளுக்கே உடல்சூடு அபாய அளவுக்கு இறங்கிவிடும்.

ஒரு விஷயத்தை முதலில் தெளிவாக்கிவிடலாம். லொஸ் ஏஞ்சலிஸ் பொலிஸ் 1956 முதல் சொந்த ஹெலிகொப்டர் வைத்திருக்கிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பொலிஸுக்கென்றே 2012 முதல் ஒரு தேசிய வான்பிரிவு இயங்குகிறது. அந்த ஹெலிகொப்டரில் விமானிக்குப் பக்கத்தில் இருப்பவர் ஒரு பொலிஸ்காரர். வெப்பக் கமெராவைத் திருப்புவதும், தெருப் பெயர் சொல்லித் தரையிலுள்ள ரோந்து வாகனத்தை வழிநடத்துவதும் அவர் வேலை. இலங்கையில் பொலிஸுக்கு அப்படியொரு பிரிவு கிடையாது. வருவது விமானப்படையின் பெல் 212, பெல் 412 அல்லது எம்.ஐ.17. அதை நீங்களோ தோட்டத்துரையோ நேரே அழைக்க முடியாது. பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரி தன் மேலிடம் வழியாகவோ, மாவட்டச் செயலகம் அனர்த்த முகாமைத்துவ நிலையம் வழியாகவோ கேட்க வேண்டும். எனவே உங்கள் கையில் உள்ள முடிவு, எதைக் கேட்கும்படி பொலிஸை வற்புறுத்துவது, அது வரும்வரை கீழே எதைச் செய்வது, எதைச் செய்யாமல் இருப்பது என்பதுதான்.

## எதை வைத்து அளப்பது

வந்துசேரும் நேரம். பறக்கும் வேகம் மட்டும் கணக்கல்ல. அனுமதி, ஆயத்தம், காலநிலை எல்லாம் சேர்ந்த நேரம்.

பனிமூட்டம். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் காலையில் வெளித்து, பகல் திரும்பியதும் முகில் ஏறி இடிமழை கொட்டும். மே முதல் செப்டெம்பர் வரை மேற்குச் சரிவில் நாள் முழுக்க மப்பாகவே கிடக்கலாம்.

மேலே மூடியிருப்பது என்ன. கவ்வாத்து வெட்டிய மலை, வளர்ந்த தேயிலை, யூகலிப்டஸ் தோப்பு, ஹோர்ட்டன் சமவெளி மாதிரியான முகிற்காடு. இந்த நான்கும் மேலிருந்து பார்க்கும் கண்ணுக்கு நான்கு வேறு நிலங்கள்.

கண்ட பிறகு என்ன செய்வது. பலரும் மறப்பது இதைத்தான். கண்டுபிடிப்பது ஒரு வேலை, அங்கிருந்து தூக்கி வருவது இன்னொரு வேலை. இரண்டுக்கும் ஒரே கருவி பொருந்துவது அபூர்வம்.

மறைவான செலவு. பணம் மட்டும் அல்ல. ஒரு வழியைத் தெரிந்தெடுத்ததால் மற்ற வழி கெட்டுப்போவதும் செலவுதான்.

## ஹெலிகொப்டர்

ஹிங்குராக்கொடையிலிருந்தோ இரத்மலானையிலிருந்தோ நுவரெலியாவுக்கு நேர்கோட்டில் 100 முதல் 120 கிலோமீற்றர். பெல் 212 மணிக்கு ஏறத்தாழ 185 கிலோமீற்றர் போகும் என்பதால் பறப்பு நாற்பது நிமிடத்துக்குள் முடியும். தாமதம் பறப்பில் இல்லை. கோரிக்கை மேலே போய் இறங்குவதிலும், றம்பொடைக் கணவாயோ ஹட்டன் பக்கமோ வெளிக்கக் காத்திருப்பதிலும்தான் நேரம் போகிறது. நண்பகலில் கேட்ட ஹெலி அடுத்த நாள் காலையில் வந்தால் அதில் அதிசயமில்லை. கேட்பதென்றால் முதல் நாள் மாலைக்குள் கேட்டு, விடிந்து பத்து மணிக்குள் பறக்க ஏற்பாடு செய்யுங்கள்.

உயரம் இன்னொரு தொல்லை. நுவரெலியா நகரம் கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றரில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கொழும்பை விட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. மெல்லிய காற்றில் சுழலிகள் தரும் தூக்குவிசையும் எஞ்சினின் பலமும் சேர்ந்து குறையும். தரைக்கு மிக அருகில், சுழலியின் விட்டத்துக்குள்ளான உயரத்தில் நின்றால், கீழே அமுங்கும் காற்று ஓரளவு தாங்கும். சரிவான தேயிலை மலைக்கு மேலோ பள்ளத்தாக்கின் விளிம்பிலோ அந்தத் தாங்கல் கிடைக்காது. கொழும்பில் எட்டுப் பேரோடு அசையாமல் நிற்கும் ஹெலி, பீதுருதாலகாலைச் சரிவில் இரண்டு பேரைக் கூடுதலாக ஏற்றத் தயங்குவதற்குக் காரணம் விமானியின் பயம் அல்ல. அது வெறும் கணக்கு.

முகடுகளுக்கு இடையில் பறப்பது எவ்வளவு ஆபத்து என்று இந்த மலைகளுக்கே தெரியும். 1974 டிசம்பர் 4ஆம் திகதி 191 பேருடன் வந்த மார்ட்டினெயார் டிசி-8 விமானம் ஏழு கன்னியர் மலையில் மோதி, ஒருவரும் தப்பவில்லை. 2020 ஜனவரி 3ஆம் திகதி விமானப்படையின் வை-12 விமானம் ஹப்புத்தளையில் விழுந்து அதிலிருந்த நால்வரும் இறந்தனர். இரண்டும் ஹெலி அல்ல. ஆனால் முகிலும் முகடும் நெருங்கி நிற்கும் வானம் எல்லாப் பறப்புக்கும் ஒன்றுதான். மின்கம்பிகளும், பழைய தோட்டங்களில் கொழுந்து இறக்க மலைக்கு மலை கட்டிய கம்பியும் மேலிருந்து பார்க்கும் கண்ணுக்குக் கடைசி நிமிடம் வரை தெரியாது. அப்படிக் கம்பி ஏதும் உங்கள் டிவிசனில் (தோட்டப் பிரிவில்) இன்னும் தொங்கினால், ஹெலி கேட்கும் முதல் அழைப்பிலேயே அதைச் சொல்லிவிடுங்கள்.

தேடும் கருவியாக ஹெலியின் பலம் பரப்பு. மணிக்கு 100 கிலோமீற்றரில், 250 மீற்றர் அகலம் பார்த்துப் போனால் ஒரு மணிநேரத்தில் 25 சதுரக் கிலோமீற்றர் என்று கணக்கு வரும். மலைமடிப்புகளில் திரும்பித் திரும்பிப் போவதால் அதில் பாதி என்று வைத்துக்கொள்ளலாம். அப்படியும் அது மிகப் பெரிய பரப்பு. பலவீனமும் அதே வேகத்தில்தான். ஓர் இடத்தின் மேல் கண் தங்கும் நேரம் சில விநாடிகள். நின்று கை அசைக்கும் ஆள் தெரிவார். தேயிலைத் தூரடியில் சுருண்டு கிடப்பவர் தெரியமாட்டார்.

இனி மறைவான செலவு. பெல் 212 மணிக்கு 350 முதல் 400 லீற்றர் எரிபொருள் குடிக்கும். அதை அரசு பார்த்துக்கொள்ளும் என்று விடலாம். உங்கள் தலையில் விழுவது வேறு. இரைச்சலில் விசிலும் கூப்பாடும் கேட்காமல் போகும். கீழ்க்காற்று லயத்துக் கூரையின் துருப்பிடித்த தகரத்தைக் கிளப்பும். மனநலம் குன்றியவரோ, பயந்த பிள்ளையோ, அடி வாங்குவோம் என்று ஒளிந்தவரோ இன்னும் உள்ளே போய்ப் பதுங்குவார். ஹெலி வந்துவிட்டது, இனி அவர்கள் பார்ப்பார்கள் என்று கீழே தேடிக்கொண்டிருந்த அறுபது பேரும் மைதானத்துக்கு ஓடிவருவது இவை எல்லாவற்றையும் விட மோசம்.

இறக்குவதற்கும் தூக்குவதற்கும் அதற்கு நிகர் இல்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலில் பாதைகள் அறுந்தபோது நோயாளரையும் உணவையும் சுமந்தது ஹெலிதான். பள்ளத்தில் கால் உடைந்து கிடப்பவரை நான்கு பேர் ஸ்ட்ரெச்சரில் தூக்கி ஏற ஆறு மணிநேரம் ஆகும் இடத்தில், மேலிருந்து இழுக்கும் வின்ச் கேபிளில் கால் மணிநேரத்தில் முடியும். அந்தக் கேபிள் வழமையாக 75 மீற்றர் அளவுதான் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். ஹோர்ட்டன் சமவெளியின் 'உலக முடிவு' என்ற இடத்தில் பாறை 800 மீற்றருக்கு மேல் செங்குத்தாக இறங்குகிறது. பாறைச் சுவரை ஒட்டிச் சுழலி போக முடியாது. அந்த மாதிரி இடத்தில் கயிற்றில் இறங்கத் தெரிந்த இராணுவ அணி முதலில் போய் ஆளை வெளிக்குக் கொண்டுவர வேண்டும்.

## ட்ரோன்

கலியாண ட்ரோனும் தேடுதல் ட்ரோனும் பார்க்க ஒன்றுபோலிருந்தாலும் வேலையில் ஒன்றல்ல. முன்னதில் சாதாரணக் கமெரா மட்டும். பகலில், வெட்டையான இடத்தில், ஆற்றோரக் கற்களையும் பாறைத் தட்டுகளையும் பார்க்க அது போதும். இரவில் பிரயோசனமில்லை. டிஜேஐ மெவிக் 3 தேர்மல், மெட்ரிஸ் 30டி போன்றவற்றில் 640க்கு 512 புள்ளி வெப்பக் கமெரா இருக்கிறது. மெவிக் 3 தேர்மலின் எடை ஒரு கிலோவுக்கும் குறைவு. அதை மழையில் பறக்கவிட முடியாது. மெட்ரிஸ் 30டி தூறலையும் ஓரளவு மழையையும் தாங்கும். எதுவானாலும் காற்று விநாடிக்கு 12 மீற்றருக்கு, அதாவது மணிக்கு 43 கிலோமீற்றருக்கு மேல் போனால் பறக்கவிடாமல் இருப்பது நல்லது. ஜூன், ஜூலையில் ஹப்புத்தளை முகட்டில் அந்தக் காற்று சர்வசாதாரணம்.

வெப்பக் கமெரா பற்றி ஊரில் இரண்டு தப்பான நம்பிக்கைகள் இருக்கின்றன. ஒன்று, அது பனிமூட்டத்தைத் துளைக்கும் என்பது. மெல்லிய மூடுபனிக்குள் கொஞ்சம் தெரியலாம். கையெட்டும் தூரம் மறையும் பனியில், நீர்த்துளிகள் வெப்பக் கதிரையும் மறித்துவிடும், திரை முழுக்கச் சாம்பல்தான். இரண்டு, இலைக்குள்ளால் பார்க்கும் என்பது. இலையின் மேற்பரப்புச் சூட்டைத்தான் அது பார்க்கிறது. அடர்ந்த தேயிலைக்கு அடியில் படுத்திருப்பவரின் கையோ முகமோ இடைவெளியில் வெளிப்பட்டால் ஒரு பொட்டுத் தெரியும். முழுக்க மூடினால் எதுவும் தெரியாது.

நேரமும் முக்கியம். வெயில் ஏறிய பாறை மாலை ஏழு, எட்டு மணிவரை சூடு விடும். அந்த நேரத்தில் மலை முழுக்கப் பொட்டுப் பொட்டாய்த் தெரியும், எது ஆள் எது கல் என்று பிரிக்க முடியாது. நிலம் நன்றாய்க் குளிர்ந்த அதிகாலை மூன்று மணி முதல் வெயில் விழும்வரை உள்ள நேரம்தான் தங்கமான நேரம். தகரக் கூரை உண்மைச் சூட்டைக் காட்டாது, குளிர்ந்த வானத்தைப் பிரதிபலித்துக் கறுப்பாய்த் தெரியும், அதற்குக் கீழே இருப்பவரும் தெரியார். மாடு, மரை, சில சமயம் சிறுத்தை எல்லாம் ஆள் போலவே பொட்டாகும். பொட்டு நகர்கிறதா, நீளம் எவ்வளவு என்று பார்த்து, சாதாரணக் கமெராவைக் கிட்ட இழுத்து உறுதி செய்யாமல் ஆட்களைப் பள்ளத்துக்கு இறக்காதீர்கள்.

உயரத்தைக் கணக்காய் வையுங்கள். மெவிக் 3 தேர்மலை நிலத்திலிருந்து 60 மீற்றரில் ஓட்டினால் திரை சுமார் 55 மீற்றர் அகலம் பிடிக்கும். ஒரு புள்ளி ஒன்பது சென்ரிமீற்றர், ஆள் ஐந்தாறு புள்ளி அகலத்தில் தெரிவார். 120 மீற்றருக்குப் போனால் மூன்று புள்ளிதான், கண்ணுக்குத் தப்பும். இங்கேதான் மலைநாட்டில் முக்கால்வாசிப் பிழைகள் நடக்கின்றன. திரையில் காட்டும் உயரம் கிளம்பிய இடத்திலிருந்து அளந்தது. நீங்கள் ரோட்டில் நின்று 60 மீற்றரில் ஏற்றி மலைப்பக்கம் ஓட்டினால், நூறு மீற்றர் போவதற்குள் தரை ட்ரோனைச் சந்திக்க வரும். பள்ளப்பக்கம் ஓட்டினால் தரை விலகி விலகிப் போய், 200 மீற்றர் மேலிருந்து எறும்பு தேடுவது போலாகும். எனவே சரிவுக்குக் குறுக்காக, ஒரே மட்டத்தில், தேயிலைக் கான் (வடிகால்) ஓடும் போக்கில் ஓட்டுங்கள். ஒரு வரி முடிந்ததும் 30, 40 மீற்றர் மேலேயோ கீழேயோ மாற்றுங்கள். நிலமட்டத்தைப் பின்தொடரும் வசதியிருந்தாலும், அதிலுள்ள வரைபடத்துக்கு நிழல்மரத்தின் உயரம் தெரியாது.

முகட்டுக்குப் பின்னால் போனால் சிக்னல் அறுந்துவிடும். அப்போது ட்ரோன் தானாகத் திரும்ப வரும் உயரத்தை முன்கூட்டியே முகட்டை விட 40, 50 மீற்றர் கூட்டி வைத்திருக்க வேண்டும். இதை மறந்தால் முகட்டு யூகலிப்டஸில்தான் போய்த் தேட வேண்டியிருக்கும். திரும்பும் வழி எதிர்க்காற்று என்றால் பற்றரி பாதிக்கு வந்ததும் திருப்புங்கள்.

ஒரு மணிநேரத்தில் எவ்வளவு பார்க்கலாம்? வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏற விட்டு, விநாடிக்கு 5 மீற்றரில், பற்றரி மாற்றும் நேரத்தையும் கழித்தால் 35 முதல் 40 ஹெக்டேயர். நூறு ஹெக்டேயர் டிவிசன் என்றால் இரண்டரை, மூன்று மணிநேரம். ஒரு பற்றரி குளிரில் 25 நிமிடம்தான் நிம்மதியாய்த் தரும், மறுபடி ஏற்ற ஒரு மணிநேரத்துக்கு மேல் ஆகும். ஆறு பற்றரியும் ஒரு சிறு ஜெனரேற்றரும் இல்லாமல் இரவுத் தேடுதலுக்குக் கிளம்புவதில் அர்த்தமில்லை. இரண்டு பேர் வேண்டும்: ஒருவர் ஓட்ட, மற்றவர் திரையை மட்டும் பார்க்க. அந்த இரண்டாமவர் பக்கத்தில் அந்த மலை தெரிந்த கங்காணியோ கணக்கப்பிள்ளையோ இருக்கட்டும். ஹெலிக்குள் முதல் தடவை ஏறியவருக்குத் தான் பிறந்த தோட்டமே பிடிபடாது. திரையை நிதானமாய்ப் பார்ப்பவரோ, "அது கொழுந்து மடுவம், அதற்குக் கீழே பழைய நாற்றுத் தவறணை, அங்கே யாரும் போகமாட்டார்கள், கொஞ்சம் வலப்பக்கம் பாருங்கள்" என்று சொல்லிவிடுவார். ட்ரோனின் பெரிய அனுகூலம் இதுதான் என்பது எங்கள் கருத்து. வெப்பக் கமெரா அதற்கு அடுத்தது.

குளவியையும் மலைத்தேனியையும் மறக்கக்கூடாது. பாறை முகத்தில் தொங்கும் தேனடைக்கு அருகே ட்ரோனைக் கொண்டுபோனால் அதன் விலையைக் கீழே நிற்பவர்கள் கொடுப்பார்கள்.

சட்டப் பக்கம்: ட்ரோனுக்கு இலங்கை சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி வேண்டும். ஹோர்ட்டன் சமவெளி தேசியப் பூங்கா என்பதால் வனஜீவராசிகள் திணைக்களத்தின் சம்மதமும் தேவை. 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு நடந்ததுபோல் நாடு முழுக்கத் தடைவிதிக்கும் காலங்களும் வரலாம். வீடியோக்காரத் தம்பி நல்ல மனதோடு வந்தாலும், பொலிஸ் கேட்டுக்கொண்டதாக முறைப்பாட்டுப் புத்தகத்தில் பதிவு வைத்துவிட்டுப் பறக்கவிடுங்கள். இல்லாவிட்டால் பிறகு அவர்தான் ஸ்ரேஷனில் போய் நிற்க வேண்டிவரும்.

## நாயும் ஆட்களும்

பொலிஸ் மோப்பநாய்ப் பிரிவின் தலைமையகம் கண்டி அஸ்கிரியவில் இருக்கிறது. வெளி மாவட்டங்களிலும் கிளைகள் உண்டு. பனிமூட்டமோ காடோ நாய்க்குத் தடையில்லை. ஈரமான குளிர்ந்த நிலம் வாடையை நெடுநேரம் பிடித்தே வைத்திருக்கும். நாயைத் தோற்கடிப்பது ஊராரின் கால்கள்.

வழமையாக நடப்பது இது. ஆளைக் கடைசியாகக் கண்ட இடத்தில் அரை மணிக்குள் நாற்பது பேர் கூடுவார்கள். கிடந்த செருப்பை ஒருவர் எடுத்து இன்னொருவரிடம் காட்டுவார். அது பத்துக் கை மாறும். மூன்று மணிநேரம் கழித்து நாய் வரும்போது அந்தச் செருப்பில் பத்துப் பேரின் வாடை. பிறகு, "நாய் ரோடு வரைக்கும் போய் நின்றுவிட்டது" என்ற பேச்சு.

செய்ய வேண்டியது சுலபம்தான். கடைசியாகக் கண்ட இடத்தைச் சுற்றி 30 மீற்றரில் கயிறு கட்டி ஒருவரைக் காவல் நிறுத்துங்கள். வாடைக்கு அவர் மட்டும் பாவித்த, தோய்க்காத துணி வேண்டும். தலையணை உறை மிக நல்லது. புதுப் பொலித்தீன் பையைக் கையுறைபோல் மாட்டி, துணியைப் பிடித்து, பையை உட்புறம் வெளியாகத் திருப்பி முடிச்சுப் போடுங்கள். அம்மாவானாலும் கை படக்கூடாது. முதல் சில மணிநேரத்தில் பலன் அதிகம். ஒரு நாள் தாண்டி, இடையில் கனமழையும் பெய்திருந்தால் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

ஆட்களின் கணக்கு இப்படி வரும். தேயிலை நிரை நாலடிக்கு ஒன்று. ஒருவருக்கு மூன்று, நான்கு நிரை கொடுத்தால் இருபது பேர் எழுபது முதல் நூறு மீற்றர் அகலம் பிடிப்பார்கள். சரிவில் மணிக்கு ஒரு கிலோமீற்றர் நடந்தாலே பெரிய காரியம். கானும் பள்ளமும் பார்த்துப் போனால் மணிக்கு ஐந்து முதல் பத்து ஹெக்டேயர். ட்ரோன் மூன்று மணிநேரத்தில் முடிப்பதற்கு இவர்களுக்கு ஒன்றரை, இரண்டு நாள். ஆனால் தூரடியைக் குனிந்து பார்க்க வேறு யாராலும் முடியாது. கொழுந்து பறிக்கும் பெண்களை வரிசையில் சேர்த்துக்கொள்ளுங்கள். நிரை விட்டு நிரை மாறாமல் சரிவில் நடப்பது அவர்களுடைய அன்றாட வேலை, குளவிக்கூடு எங்கே என்றும் அவர்களுக்குத்தான் தெரியும்.

தோட்ட அலுவலகத்தில் ஒவ்வொரு மலையின் (நம்பர் போட்ட தேயிலைத் துண்டின்) நம்பரும் பரப்பும் போட்ட வரைபடம் இருக்கும். அதைப் போனில் படம்பிடித்து, தேடி முடித்த மலையைக் கோடிட்டு அடியுங்கள். மலையின் மூலையில் நிறப் பிளாஸ்டிக் நாடா ஒன்றைக் கட்டுங்கள். இதைச் செய்யாத தேடுதலில் பீலியடி, கோயிலடி, ரோட்டோரம் மூன்றையும் நான்கு தடவை பார்த்திருப்பார்கள். கைவிட்ட லயத்தையும் மதகுக்கு அடியையும் ஒருவரும் பார்த்திருக்கமாட்டார்கள். எல்லாரும் ஓயாமல் கூப்பிடுவதும் வீண். ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் முழு வரிசையும் ஒரு நிமிடம் மூச்சுக்காட்டாமல் நிற்க வேண்டும். முனகல் கேட்பது அந்த ஒரு நிமிடத்தில்தான்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | ஹெலிகொப்டர் | வெப்பக் கமெரா ட்ரோன் | நாயும் ஆட்களும் |
|---|---|---|---|
| வேலை தொடங்க | பல மணிநேரம், அடிக்கடி அடுத்த நாள் காலை | கிட்டடியில் இருந்தால் 1–2 மணி | ஆட்கள் உடனே, நாய் சில மணிநேரத்தில் |
| ஒரு மணிநேரப் பரப்பு | 10 சதுர கி.மீ.க்கு மேல், மேலோட்டமாக | 35–40 ஹெக்டேயர் | 20 பேர்: 5–10 ஹெக்டேயர், முழுமையாக |
| கடும் பனிமூட்டம் | முடியாது | முடியாது | முடியும், மெதுவாக |
| இரவு | மலைப்பள்ளத்தில் எதிர்பார்க்க வேண்டாம் | மிக நல்லது, அதிகாலை சிறப்பு | நாய் முடியும், ஆட்களுக்கு ஆபத்து |
| அடர்காடு | பயன் குறைவு | பயன் குறைவு | இதுவே வழி |
| கண்ட பிறகு | தூக்கும் | இடம் காட்டும் | முதலுதவி, சுமந்து ஏறுதல் |
| கெடுப்பது | சத்தம், கூரை, கவனம் | ஹெலி வரும் வான்வெளி | வாடைத் தடம் |

## எந்த நிலைமைக்கு எது

வயதானவரோ பிள்ளையோ தோட்டத்துக்குள் காணாமல் போனால்: நாயும் ஆட்களும் முதலில், அன்றிரவே ட்ரோன். ஹெலியைக் கேட்டு வைக்கலாம், ஆனால் அதை நம்பி நிற்கக்கூடாது. 24 மணிநேரம் கழித்துத்தான் முறைப்பாடு எடுப்பார்கள் என்று இன்னும் சொல்கிறார்கள். அப்படி ஒரு சட்டம் இல்லை. 119க்கு அழைத்துவிட்டு உடனே ஸ்ரேஷனுக்குப் போங்கள்.

ஹோர்ட்டன் சமவெளியில், எல்லப் பாறையில், நக்கிள்ஸ் பக்கம் விழுந்த பயணி: இடம் தெரிந்தால் ஹெலியும் கயிற்று அணியும். இடம் தெரியாவிட்டால் வெளிச்சம் வந்ததும் ட்ரோனால் பாறைத் தட்டுகளைப் பார்த்து, இடத்தை உறுதி செய்த பிறகு ஹெலி. தேடவும் தூக்கவும் ஒரே ஹெலியை எதிர்பார்த்தால், ஆளைக் காணும் நேரத்தில் எரிபொருள் தீர்ந்திருக்கும்.

தப்பியோடும் வாகனம்: வெளிநாட்டுக் காணொளிகளில் ஹெலி மேலே வட்டமிட, பொலிஸ் கார்கள் வேகத்தைக் குறைத்துப் பின்வாங்குவதைப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு மூலையிலும் திருப்பம் உள்ள நகரத்தில் அது அருமையான முறை. ஏ7 பாதையிலோ கினிகத்தேனைக்கும் தலவாக்கலைக்கும் இடையில் வெளியேறும் பெரிய வழிகள் சில மட்டும். மூன்று சந்தியில் தடுப்புப் போட்டால் மலையே வேலியாகிவிடும். மீதி, தோட்டப் பாதைகளின் கேற்றுகள். ஆள் இறங்கித் தேயிலைக்குள் ஓடினால் சுற்றிவளைத்துவிட்டு நாய். ஊரார் உள்ளே இறங்கக்கூடாது, தடமும் கெடும், உயிருக்கும் ஆபத்து.

சிவனொளிபாதமலைப் பருவம்: டிசம்பர் பௌர்ணமி முதல் வெசாக் வரை. படி முழுக்கச் சனம் நிற்கும்போது வெப்பக் கமெராவில் ஒருவரைத் தனியாய்ப் பிடிக்க முடியாது. நல்லதண்ணி முதல் உச்சி வரை உள்ள பொலிஸ் காவலரண்களுக்கு உடுப்பின் நிறத்தைச் சொல்லி, ஒலிபெருக்கியில் அறிவிப்பதுதான் விரைவு. படியை விட்டுக் காட்டுக்குள் விலகியவரென்றால் கதை வேறு, அங்கே நாய்.

மண்சரிவு: சேற்றுக்கு அடியில் இருப்பவரை எந்த வெப்பக் கமெராவும் காட்டாது. ட்ரோனை மேலே அனுப்பிப் பார்க்க வேண்டியது, தோண்டுபவர்களுக்கு மேலே இன்னொரு வெடிப்பு வாய் திறக்கிறதா என்று. 2014 ஒக்டோபர் 29இல் மீரியபெத்தையில் லயங்களை மூடியது போன்ற சரிவில், முதல் மண் நின்றுவிட்டதே என்று மேல்மலையைப் பாராமல் இறங்குவது தற்கொலைக்குச் சமம். 117க்கு அழைத்து அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்குச் சொல்லுங்கள்.

## ஹெலி வருவது உறுதியானால்

முதலில் எல்லா ட்ரோன்களையும் இறக்கி, பற்றரியைக் கழற்றி, பொறுப்பதிகாரியிடம் சொல்லுங்கள். ஒரு கிலோ ட்ரோன் விமானியின் கண்ணில் படாது. இரண்டையும் ஒரே வானத்தில் விடவே கூடாது.

"ஏழாம் நம்பர் மலை, கோயிலுக்கு மேலே" என்பது உங்களுக்கு முகவரி, விமானிக்கு அல்ல. போனில் வரைபடத்தைத் திறந்து, இடத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் 6.97, 80.78 என்பது மாதிரி இரண்டு எண்கள் வரும். தசமத்துக்குப் பின் நான்கு இலக்கம் வரை எழுதி, திரும்ப வாசித்துக் காட்டிக் கொடுங்கள்.

இறங்குமிடம் பெல் வகைக்குக் குறைந்தது 30க்கு 30 மீற்றர் சமதரை. எம்.ஐ.17இன் சுழலி விட்டமே 21 மீற்றர் என்பதால் அதற்கு 50க்கு 50. பாடசாலை மைதானம்தான் வழமையான தெரிவு. கோல் கம்பத்தைக் கழற்றுங்கள். படங்கு, உரப்பை, வெற்றுப் பிளாஸ்டிக் போத்தல், காயப்போட்ட துணி எல்லாவற்றையும் அகற்றுங்கள். பச்சை இலை போட்டுப் புகை எழுப்பினால் காற்றுத் திசை தெரியும், ஆனால் ஓரத்தில், இறங்கும் வழிக்கு விலகி. சனத்தை 50 மீற்றருக்கு அப்பால், ஒரே பக்கத்தில் நிறுத்துங்கள். ஸ்ட்ரெச்சரில் போர்த்திய கம்பளியையும் வரிந்து கட்டுங்கள்.

சுழலி நிற்காமலே ஏற்றுவதென்றால், விமானப்படை வீரர் கை காட்டிய பிறகு முன்பக்கத்தால், குனிந்து, பள்ளப்பக்கமிருந்து மட்டும் போங்கள். மேட்டுப்பக்கத்தில் சுழலியின் நுனி தலை உயரத்துக்கு வந்துவிடும். வால்பக்கம் எந்த நிலையிலும் வேண்டாம். தொப்பி, குடை, தலைத்துண்டு எதுவும் கையிலோ தலையிலோ இருக்கக்கூடாது. கூட வரும் உறவினர் ஒருவர் மட்டும். நோயாளியின் அடையாள அட்டை, குடிக்கும் மருந்துகள், கண்ட நேரம் எழுதிய துண்டு ஆகியவற்றை ஒரு பையில் போட்டு அவர் உடுப்போடு ஊசி குத்தி அனுப்புங்கள்.